பூட்டிய அறையில் கசிப்பை நிறுத்தலாமா?

மனச்சிதைவு நோய்க்குக் கிளினிக்கில் மாதாந்த ஊசி போட்டுவரும் உங்கள் தம்பிக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்று பயப்பட வேண்டாம். கசிப்பை, அதாவது களவாக வடிக்கும் சாராயத்தை, மறக்கடிக்க அவரை அறையில் பூட்டி வைத்த மூன்றாம் நாள் இரவு, சுவரெங்கும் பூச்சி ஊர்வதாகக் கத்தி, வியர்த்து நடுங்கி, அக்காவாகிய உங்களையே யாரென்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மனச்சிதைவு நோயில் காதில் குரல் கேட்பதே வழக்கம். ஆளும் இடமும் பெரும்பாலும் மறப்பதில்லை. நீங்கள் கண்டது, நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது வரும் பிதற்றல். தக்க சிகிச்சையால் அது அடங்கும். கவனிக்காமல் விட்டால் உயிரையே எடுக்கும்.

கடைசியாகக் குடித்து ஆறேழு மணித்தியாலத்தில் நடுக்கம் தொடங்கலாம், முதல் 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம், அதற்கடுத்த இரண்டொரு நாளில் பிதற்றல் வரலாம். ஆகவே இனி நடுக்கத்தோடு வியர்வையோ, தடுமாறிய பேச்சோ, வலிப்போ கண்டால் விடியும்வரை காத்திராமல் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். நூல் கட்டுவதென்றால் ஆள் பிழைத்து வந்தபின் கட்டலாம். பக்கத்து டிஸ்பென்சரியில் ஒரு சேலைன் ஏற்றினால் போதும் என்பதும் வேண்டாத துணிச்சல்; அவருக்குத் தேவையானவை தயமின் (விற்றமின் பி1) ஊசியும், வைத்தியரின் கண்காணிப்பில் அளவு பார்த்துக் கொடுத்து மெல்லக் குறைக்கும் டயசிபாம் என்ற அமைதிப்படுத்தும் மருந்தும்.

மாதாந்த ஊசியால் ஈரல் கெடும் என்று கைப்பேசியில் படித்ததை விட்டுவிடுங்கள். ஈரலைக் கெடுப்பது கசிப்பு. குடித்த மாதத்திலும் ஊசியைத் தவறவிடக் கூடாது, குடித்ததை மட்டும் தாதியிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மனச்சிதைவு உள்ளவரின் உடன்பிறந்தார் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு அது வருவதில்லை, ஆகவே உங்கள் பிள்ளைகளை எண்ணிக் கலங்க வேண்டியதில்லை. ஆனால் குடியை மறக்கடிக்கவென்று நீங்கள் இணையத்தில் வாங்கித் தேநீரில் களவாகக் கலக்கும் தூளை இன்றே வீசிவிடுங்கள். அதில் டைசல்பிராம் (குடித்தால் உடலை வருத்திக் குடியை வெறுக்கவைக்கும் மருந்து) இருந்தால், அதன்மேல் குடிக்கும்போது இரத்த அழுத்தம் சரிந்து இதயம் தடுமாறக்கூடும். மனச்சிதைவையும் அது கிளறிவிடலாம். நோயாளி அறியாமல் இப்படி மருந்து கொடுப்பது முறையல்ல.

குடியை விட்டுவிட்டு வரும்படி கிளினிக்கிலும், மனநோயாளியைச் சேர்ப்பதில்லை என்று மறுவாழ்வு நிலையத்திலும் திருப்பி அனுப்பியது முறையல்ல. குரலை அடக்கக் குடிக்கிறார், குடித்த நாளில் கிளினிக்கைத் தவறவிடுகிறார், ஊசி தவறினால் குரல் கூடுகிறது. இதில் ஒன்றைத் தீர்த்துவிட்டு மற்றதற்கு வா என்பது நடக்கிற காரியமா? இரண்டையும் ஒரே வைத்தியக் குழு, ஒரே கோப்பில், ஒரே நாளில் பார்க்க வேண்டும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவரை வேறொரு நாளில் வேறொரு கட்டடத்துக்குப் போகச் சொன்னால் அவர் திரும்பி வரமாட்டார். மதுவிலகலுக்கென, அதாவது குடியை நிறுத்தும்போது வரும் நடுக்கம், பிதற்றல் போன்றவற்றின் சிகிச்சைக்கென, ஒதுக்கிய சில கட்டில்களும், ஊசி தவறிய வீட்டுக்குத் தேடிச் செல்லும் சமூகத் தாதியும் இருந்தாலே பாதிப் பேர் கைநழுவ மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

அதுவரை, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அவரை அழைத்துச் சென்று, மதுவிலகலுக்கு விடுதியில் அனுமதிக்கும்படியும் அங்கேயே மனநல வைத்தியருக்குக் காட்டும்படியும் ஒன்றாகக் கேளுங்கள். முன்பு வந்த பிதற்றலை முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். ஆலோசனைக்கு 1926 என்ற மனநல உதவி இலக்கம் உண்டு. கிளினிக் கொப்பியை மறக்க வேண்டாம். போவதற்கு முந்திய நாட்களில் குடியை அடியோடு நிறுத்தும்படி அவரை வற்புறுத்தவும் வேண்டாம்.