தஞ்சக் கேஸும் ‘குறிப்பிட்ட சமூகக் குழு’வும்: கேள்வி பதில்

லண்டனில் தஞ்சம் கோருபவர்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். இப்போது ஒரு லோயரிடம் கேஸ் தயாரிக்கும் வேலை. வந்த கேள்விகளுக்கு பிரிட்டன் சட்டப்படி பதில் சொல்கிறேன்.

கேள்வி (ஹாரோ): சமூகக் குழு என்றால் சாதியா, சங்கமா?

சங்கத்தில் சேர்ந்திருக்கத் தேவையில்லை. 1951 அகதிகள் ஒப்பந்தம் இனம், மதம், தேசிய இனம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழு என்று ஐந்து காரணங்களைச் சொல்கிறது. குழு என்ற காரணம் கடைசி நேரத்தில் சுவீடன் பிரதிநிதி சொல்லிச் சேர்ந்தது. அதற்கு விளக்கம் எழுதவில்லை, நீதிமன்றங்கள்தான் எழுதின. பிறப்போடு வந்த, மாற்ற முடியாத, அல்லது மாற்றச் சொல்லிக் கேட்கக்கூடாத ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். ஊரும் உங்களை வேறு ஆட்களாகப் பார்க்க வேண்டும். முன்பு இந்த இரண்டில் ஒன்று போதும் என்று இங்கத்தைய நீதிபதிகள் சொல்லி வந்தார்கள். 2022 சட்டம் இரண்டும் வேண்டும் என்று ஆக்கிவிட்டது. பழைய தீர்ப்பை மட்டும் படித்துவிட்டு வராதீர்கள்.

கேள்வி (பர்மிங்ஹாம்): நாட்டில் பாதிப் பேர் பெண்கள். அவ்வளவு பேர் எப்படி ஒரு ‘குழு’?

நல்ல கேள்வி. 1999இல், அப்போது இங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபைக்கு இதே கேள்வி வந்தது. பாகிஸ்தானில் கணவன்மார் துரத்திய இரண்டு பெண்கள். திரும்பிப் போனால் தகாத உறவுப் பழி, அதற்கான தண்டனை என்ற பயம். எண்ணிக்கை பெரிது என்பதற்காகக் குழு இல்லை என்று சொல்ல முடியாது என்றார்கள். நீதிபதிகளில் ஒருவரான பிரபு ஹாஃப்மன் அதில் நாசி ஜெர்மனியின் யூதக் கடைக்காரர் ஒருவரை உதாரணம் காட்டினார். கடையை அடிப்பவன் தொழில் போட்டியில் அடிக்கிறான். ஆனால் ‘இவர் யூதர்’ என்பதால் அதிகாரிகள் காப்பாற்ற மறுக்கிறார்கள். இரண்டையும் சேர்த்தால்தான் துன்புறுத்தல். கணவன் அடிப்பது குடும்ப விஷயம் என்று பொலிஸ் திருப்பி அனுப்பியிருந்தால், எந்தப் பொலிஸ் நிலையம், யார், என்ன சொன்னார்கள் என்று எழுதி வையுங்கள். கேஸின் பாதி அதில்தான் இருக்கிறது.

கேள்வி (ஸ்லவ்): கடன்காரர்கள் கொல்லுவார்கள் என்ற பயம். இது குழுவா?

இல்லை. கடன் ஒரு குழுவை உண்டாக்காது. உயிருக்கு ஆபத்து உண்மை என்றால் மனித உரிமைச் சட்டத்தில் வழி இருக்கிறதா என்று லோயரிடம் கேளுங்கள்.

கேள்வி (ஈஸ்ட்ஹாம்): ஏஜென்ட் கதை எழுதித் தருகிறார், பாஸாகும் என்கிறார்.

தயவுசெய்து வாங்காதீர்கள். அதே கதையை அவர் பல பேருக்கு விற்றிருப்பார். இன்டர்வியூவில் ‘அன்று மழையா, வெயிலா’ என்று கேட்டால் உங்களுக்குத் தெரியாது. உங்களிடம் உண்மையான பயம் இருந்தாலும் அதற்குப் பிறகு யாரும் நம்ப மாட்டார்கள்.

கேள்வி (இல்ஃபோர்ட்): அக்கா, ஊரில் எத்தனையோ பேர் இப்படி இருக்கிறார்கள். தன்பாலீர்ப்பு என்று சொல்லி அசைலம் எதற்கு? அடக்கமாக இருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்?

தம்பி, தஞ்சக் கேஸ்களை முடிவுசெய்யும் ஹோம் ஆபிஸும் (உள்துறை) நெடுநாள் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. 2010 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. வழக்குப் போட்டவர்கள் இருவர்: ஒருவர் ஈரான்காரர், மற்றவர் கமரூன்காரர். கமரூன்காரர் தன் வீட்டுத் தோட்டத்தில் துணைவரை முத்தமிட்டதை அயலவர் பார்த்துவிட்டார்கள். பிறகு ஒரு கூட்டம் அவரை அடித்தது. மறைந்து வாழ்வதைச் சகிக்கலாம் என்று கீழ் நீதிமன்றத்தில் சொல்லியிருந்தார்கள். பயத்தால் மறைந்து வாழ்வதே துன்புறுத்தலின் விளைவு என்றது உச்ச நீதிமன்றம். நாசிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் பெயரும் அந்தத் தீர்ப்பில் வருகிறது. இலங்கையில் தன்பாலுறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டத்தின் 365, 365ஏ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. 1995இல் திருத்தியபோது பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். அடக்கமாக இருந்தவரையும் காட்டிக்கொடுக்க ஒரு அயலவர் போதும்.

அதே வாசகர்: அப்படியானால் நாளைக்கு எல்லோரும் இதையே சொல்லுவார்களே?

சொன்னால் போதாது. நீங்கள் அப்படிப்பட்டவர், உங்களுக்கு உண்மையிலேயே பயம் இருக்கிறது என்பதை ‘பொய்யைவிட உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம்’ என்ற அளவுக்கு இப்போது நிறுவ வேண்டும். 2022க்கு முன் அளவுகோல் இதைவிடத் தாழ்வு. பொய் சொல்பவன் இருக்கிறான் என்று உண்மைக்காரனின் கதவை மூடுவது நியாயமில்லை. போராட்டத்தால் வந்த நம் ஆட்களையும் இப்படித்தான் ‘எல்லாம் பொருளாதார அகதி’ என்றார்கள். மறந்துவிட்டோமா?

வேறொரு வாசகர்: என் தம்பி இன்டர்வியூவில் ‘அம்மாவுக்காக மறைத்தேன்’ என்றான். ரிஜெக்ட்.

இதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். அதே 2010 தீர்ப்பில் ஒரு கூர்மையான கோடு இருக்கிறது. அடி, கைது, கொலை என்ற பயம் முக்கியக் காரணங்களில் ஒன்றாக இருந்து மறைத்தால் பாதுகாப்பு உண்டு. பெற்றோர் மனம் நோகும், ஊர் பேசும் என்பதற்காக மட்டும் மறைத்தால் கிடையாது. நம் பிள்ளைகள் பயத்தைச் சொல்ல வெட்கப்பட்டு அம்மாவை மட்டும் சொல்வார்கள். ‘அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும்?’ என்று அடுத்த கேள்வி கேட்டால், ‘மாமாமார் அடித்தே கொல்லுவார்கள்’ என்று வரும். அந்த இரண்டாவது பதிலை முதலிலேயே சொல்ல வேண்டும். உங்கள் தம்பிக்கு அப்பீல் காலக்கெடு ஓடுகிறது, இன்றே லோயரிடம் போங்கள்.

கேள்வி: நிரூபிக்க அந்தரங்கப் படம் கொடுக்கலாமா?

வேண்டாம். ஐரோப்பிய நீதிமன்றமே 2014இல் அப்படிப்பட்ட ஆதாரத்தை ஏற்கக்கூடாது என்றது. உங்கள் மானமும் போகும், கேஸுக்கும் பயன் இல்லை.

கேள்வி (மதுரை): சாதி மாறிக் கல்யாணம் செய்தோம், வீட்டார் மிரட்டுகிறார்கள். லண்டன் வரலாமா?

பயம் உண்மை. சாதி மாறி மணந்த உடுமலை சங்கரைப் பட்டப்பகலில் வெட்டியதை மறக்க முடியாது. குழு என்றும் வாதாடலாம். ஆனால் இந்தியாவில் வேறு ஊருக்குப் போய்ப் பாதுகாப்பாக வாழலாமே என்று கேட்பார்கள். அதற்குப் பதில் தேவை. 2018இல் இந்திய உச்ச நீதிமன்றம் மாவட்டம்தோறும் சிறப்புப் பிரிவும், தம்பதிகளுக்குப் பாதுகாப்பு இல்லமும் வேண்டும் என்றது. முதலில் அங்கே எழுத்தில் மனுக் கொடுங்கள், நகலை வைத்திருங்கள்.

கேள்வி: எத்தனை மாதத்தில் முடிவு வரும்? (நாலைந்து பேர்)

யாராலும் சொல்ல முடியாது. சொல்கிறவரை நம்பாதீர்கள். 12 மாதம் கடந்தும் உங்கள் தவறில்லாமல் முடிவு வராவிட்டால் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம்.

கேள்வி: அக்கா, ஏஜென்ட் கதை...

மேலே சொல்லிவிட்டேன். வேண்டாம்.

கேள்வி (குரொய்டன்): அடுத்த வாரம் இன்டர்வியூ. மொழிபெயர்ப்பாளர் ஊர்க்காரராக இருந்தால் வாய் திறக்கவே முடியாது.

இன்றைக்கே லோயர் மூலம் எழுதிக் கேளுங்கள். கேள்வி கேட்பவரும் மொழிபெயர்ப்பவரும் பெண்ணா, ஆணா என்று தேர்வு கேட்கலாம். தெரிந்த முகமாக இருந்தால் தொடங்கும் முன்பே சொல்லுங்கள். இன்டர்வியூ ஒலிப்பதிவின் நகலும் வேண்டும் என்று கேளுங்கள். மொழிபெயர்ப்பில் பிழை இருந்தால் அதை வைத்துத்தான் காட்ட முடியும்.