போர்க்காலத்தில் தனியார் துப்பறியும் நிறுவனத்தில் பெண்களுக்கு என்ன வேலை இருந்தது?

தனியார் துப்பறியும் நிறுவனம் என்றால், கட்டணம் வாங்கிக்கொண்டு அடுத்தவருக்காகத் தகவல் திரட்டித் தரும் இடம். அமெரிக்காவில் பிங்கர்ட்டன் குடும்பத்தின் நிறுவனத்தில் 1856-ல் சேர்ந்து, பின்னாளில் அதன் பெண்கள் பிரிவுக்குத் தலைமை ஏற்றவர் கேட் வார்ன்.

பெண்கள் எதற்கு? கல்யாண வீட்டில் பெண்கள் கூடிப் பேசும் அறைக்குள் ஆண் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். இன்னொரு பெண் வந்து உட்கார்ந்தால் தொடரும். அவ்வளவுதான்.

1861 பிப்ரவரியில், அதிபராகப் பதவியேற்க வாஷிங்டன் செல்லும் வழியில், பால்டிமோர் நகரில் லிங்கனைக் கொல்லச் சதி நடப்பதாகத் துப்பு கிடைத்தது. உடம்பு சரியில்லாத அண்ணனுக்கு என்று சொல்லி வார்ன் ரயிலில் படுக்கை பிடித்தார். அந்த 'அண்ணன்' லிங்கன்தான். அபார துணிச்சல்! ஏப்ரலில் அமெரிக்காவின் வடக்கு, தெற்கு மாநிலங்களுக்கு இடையே உள்நாட்டுப் போர் மூண்டதும், லிங்கன் பக்கமான வடக்குப் படைக்காக வார்ன் உளவு பார்த்தார்.

அவரை அலுவலக எழுத்தர் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர் வேலை கேட்டு வந்ததே துப்பறிவதற்குத்தான்.