அமெரிக்காவில் பழைய வீடு. பாத்டப்பைக் கழற்றி, சுவரை மரச்சட்டம் தெரியும்வரை பிரித்துவிட்டோம். புதுத் தொட்டி வைக்கும் முன் சட்டத்தில் என்னென்ன வேலை பார்க்க வேண்டும்?

கட்டையில் கை வைக்கும் முன் தொட்டியை வாங்கி வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். நானும் நியூ ஜெர்சியில் மரவீட்டுக்காரன்தான். எங்கள் வீட்டிலும் நண்பர்கள் வீட்டிலும் இந்த வேலை பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன். பெட்டியில் 60 இன்ச் என்றுதான் போட்டிருக்கும். ஆனால் சட்டத்தில் எவ்வளவு இடைவெளி விடவேண்டும் என்பது உள்ளே இருக்கும் தாளில்தான் இருக்கும். மூன்று பக்கம் சுவர், முன்பக்கம் திறப்பு என்ற வழக்கமான அமைப்பில், ஒரு பக்கத்து ஸ்டட்டிலிருந்து (சுவருக்குள் நெட்டாக நிற்கும் கட்டை) எதிர்ப்பக்கத்து ஸ்டட்வரை அளக்க வேண்டும். தரையில் ஒருமுறை, தொட்டியின் விளிம்பு வரும் உயரத்தில் ஒருமுறை, நெஞ்சு உயரத்தில் ஒருமுறை. பழைய வீடுகளில் இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் அதிர்ஷ்டம்.

இடைவெளி அதிகமாக இருந்தால், குழாய் இல்லாத பக்கத்து ஸ்டட்களின் மேல் ரீப்பர் அடித்து முன்னால் கொண்டுவரலாம். குறைவாக இருந்தால் இழைப்புளியால் இழைத்துவிடுங்கள். தொட்டியை அடித்து நுழைக்கும் வீரம் வேண்டாம், அக்ரிலிக் விளிம்பு விரிசல் விட்டுவிடும்.

ஸ்டட்களுக்கு அடியில் தரையோடு படுத்திருக்கும் அடிக்கட்டையை ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே போனால் அந்த மரம் உளுத்துவிட்டது என்று அர்த்தம், மாற்றத்தான் வேண்டும். பழைய பிளம்பர்கள் குழாய் போக ஸ்டட்டைத் தாராளமாக வெட்டியிருப்பார்கள். மேல்பாரம் தாங்கும் சுவரில் ஸ்டட்டின் அகலத்தில் கால் பங்குக்கு மேல் வெட்டு இருக்கக்கூடாது என்பது விதி. மீறியிருந்தால் பக்கத்தில் இன்னொரு முழுக் கட்டையைச் சேர்த்து அடியுங்கள். தரையைத் தாங்கும் உத்தரங்களான ஜாயிஸ்ட்களையும் இப்போதே பார்த்துவிடுங்கள். 50 காலன் தண்ணீரே 400 பவுண்டுக்கு மேல் வரும்; அதோடு தொட்டி, அதில் ஆள்.

அடுத்தது லெட்ஜர். பின்சுவர் நெடுக, தொட்டி விளிம்பின் அடியில் படுக்கையாக அடிக்கும் கட்டை இது. தாளில் இருக்கும் உயரத்தைப் பார்த்து நேரே அடித்துவிடுகிறவர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடில்லை. உங்கள் தரை மட்டமாக இருக்கும் என்று தொட்டிக் கம்பெனிக்காரன் எழுதியிருக்கிறான், அவன் உங்கள் வீட்டைப் பார்த்ததில்லை. தொட்டியை இடத்தில் வைத்து, ரசமட்டத்தை நீளவாக்கிலும் குறுக்கிலும் வைத்துப் பார்த்து, தேவையான இடத்தில் கால்களுக்கு ஆப்பு கொடுத்து மட்டமாக்குங்கள். தண்ணீர் வடியும் வாட்டத்தைத் தொட்டியின் அடியிலேயே வார்த்திருப்பார்கள், நாம் சாய்க்க வேண்டியதில்லை. பிறகு ஒவ்வொரு ஸ்டட்டிலும் விளிம்பின் அடிப்பாகத்தைப் பென்சிலால் குறியுங்கள். தொட்டியை வெளியே எடுத்துவிட்டு, கட்டையின் மேல்முனை அந்தக் கோட்டில் நிற்கும்படி வைத்து, ஸ்டட்டுக்கு இரண்டு ஸ்க்ரூ போடுங்கள். முக்கியமான பாரம் கால்களிலும் தொட்டிக்கு அடியில் கொட்டும் சிமென்ட் கலவையிலும்தான் நிற்கும். விளிம்பில் ஒருவர் உட்காரும்போது அது வளையாமல் பார்த்துக்கொள்வதுதான் லெட்ஜரின் வேலை. சில மாடல்களுக்கு லெட்ஜரே வேண்டாம் என்று தாளில் இருக்கும், அப்படியானால் விட்டுவிடுங்கள்.

குழாய்ச் சுவரில் ஒரு வேடிக்கை உண்டு. தொட்டியின் அகலம் 30 இன்ச் என்றால் வால்வு பின்சுவரிலிருந்து 15 இன்ச்சில் வரவேண்டும். ஸ்டட்களோ 16 இன்ச்சுக்கு ஒன்று. பின்மூலையிலிருந்து எண்ணி அடித்த சுவராக இருந்தால், சரியாக வால்வு வரும் இடத்தில் ஒரு ஸ்டட் நிற்கும். பாரம் தாங்காத சுவர் என்றால் அதை எடுத்துவிட்டு, வால்வுக்கு இரு பக்கமும் ஒவ்வொன்று வரும்படி மாற்றி நிறுத்துங்கள். பாரம் தாங்கும் சுவர் என்றால் தெரிந்தவரைக் கேட்காமல் ரம்பத்தை எடுக்காதீர்கள். வால்வைப் பிடிக்கப் பின்னால் ஒரு குறுக்குக்கட்டை, ஷவர் தலைக்கு மேலே ஒன்று, தொட்டிக்குள் தண்ணீர் விழும் குழாய்க்கு ஒன்று. வால்வுக்குப் பின்னால் இருக்கும் கட்டையின் ஆழத்தை முடிவுசெய்யும்போது சுவரை மூடும் போர்டு, பசை, டைல் மூன்றின் தடிமனையும் கூட்டிக் கணக்குப் போடுங்கள். இல்லையென்றால் கைப்பிடி சுவருக்குள் புதைந்துவிடும்.

கைப்பிடிக் கம்பி இப்போது வேண்டாம் என்று தோன்றினாலும் அதற்கான கட்டையை இப்போதே அடித்துவிடுங்கள். ஊரிலிருந்து அம்மா, அப்பா வந்து தங்கும்போது, பக்கெட்டில் குளித்துப் பழகியவர்கள் இந்த உயரமான விளிம்பைத் தாண்டி ஈரக்காலோடு இறங்குவதைப் பார்த்தால் நமக்கு வயிற்றைக் கலக்கும். தரையிலிருந்து 33 முதல் 36 இன்ச் உயரத்தில் கம்பி வரும். அந்த இடத்தில் ஸ்டட்களுக்கு நடுவே 2×8 கட்டையைப் படுக்கையாக வைத்தால் மேலே கீழே கொஞ்சம் நகர்த்தவும் இடம் இருக்கும். டேப்பைச் சுவரில் பிடித்தபடி ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். டைல் ஒட்டியபின் கட்டை எங்கே என்று தட்டித் தட்டித் தேட வேண்டாம்.

பின்சுவர் வெளிச்சுவராக இருந்தால் இன்சுலேஷன் வேலையைத் தொட்டி ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பிறகு அங்கே கை போகாது.

சின்ன விஷயம் ஒன்று, ஆனால் டைல் போடுகிறவர் திட்டுவது இதற்காகத்தான். சுவரோடு ஒட்டி மேல்நோக்கி நிற்கும் தொட்டியின் மெல்லிய விளிம்பு ஸ்டட்டுக்கு முன்னால் கொஞ்சம் துருத்தி நிற்கும். போர்டை நேரே ஸ்டட்டில் அடித்து அந்த விளிம்பின் மேல் இறக்கினால் அடிப்பக்கம் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும். விளிம்பின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு தடிமனுள்ள மெல்லிய ரீப்பர்களை, விளிம்புக்கு மேலே ஸ்டட் நெடுக அடித்தால் எல்லாம் ஒரே மட்டத்தில் வந்துவிடும். போர்டு என்றால் சிமென்ட் போர்டு. பச்சை நிற ட்ரைவாலை (ஜிப்சம் பலகை) இங்கே போடலாம் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள், கேட்காதீர்கள்.

ஸ்டட்டையும் குழாயையும் இடம் மாற்றினால் பெரும்பாலான ஊர்களில் பெர்மிட் வேண்டும், சுவரை மூடும் முன் இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். அவர் வருவதற்குள் தொட்டியை நிரப்பி, ஒரேயடியாகத் திறந்துவிட்டு, டார்ச்சோடு அடியில் போய் டிரெயின் இணைப்புகளைப் பாருங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் அதைச் சரிசெய்த பிறகே போர்டைத் தூக்குங்கள்.