நாக்கு, வில், விரல்: கச்சேரிக்காரர்களின் கேள்வி பதில்

கேள்வி (செல்லூர், கீபோர்டு): எங்கள் மெல்லிசைக் குழுவில் தொடக்க இசையை டிரம்பெட்டும் இரண்டு வயலினும் ஒரே வரியாக வாசிக்கின்றன. காதில் கிளிக் (தாளத் தட்டு) போட்டும் வயலின் பின்தங்குவது போலவே கேட்கிறது. "மாட்டுவண்டி வந்துருச்சாப்பா?" என்று டிரம்பெட் அண்ணன் ஒத்திகைக்கு ஒத்திகை கேட்கிறார்.

பதில்: வண்டி நேரத்துக்குத்தான் வருகிறது, மணிச் சத்தம்தான் லேட். டிரம்பெட்டில் நாக்கு விலகியதும் சுரம் வெடித்துக் கிளம்பும். வயலினில் வில் தந்தியைப் பிடித்து இழுத்த பிறகுதான் ஒலி திரளும். வில்லை மேலேயிருந்து இறக்கித் தொடங்கினால் முகப்பு இன்னும் மங்கும். அதனால் முதல் சுரத்துக்கு முன்பே வில்லைத் தந்திமேல் வைத்து, ஆள்காட்டி விரலால் லேசாக அழுத்தி, இழுத்த கணமே அழுத்தத்தை விடச் சொல்லுங்கள். விடாமல் இழுத்தால் கீச்சென்று கத்தும்.

அண்ணனும் கொஞ்சம் இறங்கி வர வேண்டும். "பத்து" என்பதில் வரும் 'து' போல நாக்கை அடிக்கிறார். "பந்து" என்பதில் வரும் 'து' போல அடித்தால் வயலினோடு ஒட்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். பெரும்பாலான குழுக்கள் தொடக்கத்தைத்தான் திருத்துகின்றன, முடிவை யாரும் கவனிப்பதில்லை. 120 வேகத்தில் (நிமிடத்துக்கு 120 தட்டு) ஒரு பீட் அரை நொடி. டிரம்பெட் கால் நொடியில் நறுக்கிவிட்டு, வயலின் அரை நொடியும் இழுத்தால், சேர்ந்து தொடங்கியிருந்தாலும் வயலின் பின்தங்கியதாகத்தான் காதுக்குப் படும். எந்தச் சுரத்தை எங்கே விடுவது என்று தாளில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

கேள்வி (உசிலம்பட்டி, நாதஸ்வரம்): துத்துக்காரம், அதாவது நாக்கால் தட்டிச் சுரத்தைப் பிரிப்பது, அதிகமாகப் போடுகிறேனாம். "தம்பி ஊதலைண்ணே, துப்புறாப்ல" என்கிறார் எங்கள் தவில்காரர்.

பதில்: எங்கே போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சாமி புறப்பாட்டில் மல்லாரி வாசிக்கும்போது துத்துக்காரம் இல்லையென்றால்தான் குறை. அதன் நடையே தத்தகாரத்தில், அதாவது தாளச் சொற்கட்டில், நிற்பது. ஆலாபனையில் அதே நாக்கு நுழைந்தால் தவில்காரர் சொல்வது சரி. அங்கே காற்றை அறுக்காமல் விரலடியால் சுரத்தைப் பிரியுங்கள்.

நாக்கு தடித்துக் கேட்பதற்கு, வாயில் வைத்து ஊதும் சீவாளியும் காரணமாக இருக்கும். சரியாக நனையாத சீவாளி முதல் காற்றுக்குப் பேசாது, அதை எழுப்பவே நாக்கை ஓங்குவீர்கள். சீவாளியின் வாய் அகலமாகத் திறந்திருந்தாலும் இதே கதைதான். நன்றாக ஊறவைத்து, வாயைக் கொஞ்சம் அமுக்கிச் சரிசெய்துவிட்டு, மெல்லிய காற்றில் பேசுகிறதா என்று பாருங்கள். இரண்டு நாதஸ்வரம் ஒரே வாயாக ஒலிப்பதைக் கேட்க வேண்டுமானால், மதுரை சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்களின் ஒலிப்பதிவுகளில் சுரம் முடியும் இடங்களை மட்டும் கவனியுங்கள்.

தவில்காரருக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டுமா? "எனக்கு மூச்சு வாங்குனாத்தானே உங்களுக்குத் தனி ஆவர்த்தனம்" என்று சொல்லுங்கள்.

கேள்வி (ஞானஒளிபுரம், டிராம்போன்): பேண்டில் என்னைச் "சறுக்குமரம்" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

பதில்: ஸ்லைடை (சுரம் மாற்ற இழுக்கும் குழாயை) முன்கூட்டியே நகர்த்துகிறீர்கள். சுரத்தை முழு நேரமும் ஒரே இடத்தில் பிடித்து, கடைசிக் கணத்தில் சட்டென்று நகருங்கள். காற்று நிற்கக் கூடாது. நகரும் அந்த நொடியில் 'லு' சொல்வது போல நாக்கு லேசாகத் தொட்டால் வழுக்கல் மறையும். ஸ்லைடு வறண்டிருந்தால் இது எதுவும் வராது, முதலில் துடைத்து மசகு போடுங்கள்.

கேள்வி (மேலூர்): மேல்நாட்டு ஆர்கெஸ்ட்ராவில் வியோலாக்காரரை ஏன் இத்தனை கிண்டல் செய்கிறார்கள்?

பதில்: வயலினைவிட ஐந்து சுரம் கீழே, தடித்த தந்தி, வில்லுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் மசியும். போதாததற்கு, பெரும்பாலும் நடுக்குரல்தான் அவர் பங்கு. நம்மூரில் அந்த இடம் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுபவருக்கு. ஒரே சுருதியைப் பிடித்தபடி நிற்பவரை வைத்து ஒரு வசவையே உருவாக்கிவிட்டோம். சுருதிப் பெட்டி வந்து அவர் வேலை போனது, வசவு மட்டும் நிற்கிறது.

கேள்வி (சோழவந்தான், புல்லாங்குழல்): வேகமான இடையிசையில் "நாக்குல சுளுக்காண்ணே?" என்கிறான் பேடு வாசிக்கும் பையன்.

பதில்: 120 வேகத்தில் பீட்டுக்கு நான்கு சுரம் என்றால் நொடிக்கு எட்டு. பலருக்கும் ஒற்றை நாக்கு ('து-து' என்று மட்டும் அடிப்பது) அங்கே திணறும். 'து-கு' பழகுங்கள். ஆனால் நேராக அதில் இறங்காதீர்கள், 'கு'தான் நோஞ்சான். 60 வேகத்தில் பஞ்சமத்தை மட்டும் பிடித்து 'கு-கு-கு-கு' ஒரு நிமிடம், பிறகு 'கு-து', கடைசியில் 'து-கு'. நான்கு நான்காக வேகத்தைக் கூட்டுங்கள். 'கு' மங்கினால் ஒரு படி இறங்குங்கள்.

கேள்வி (திருமங்கலம், சாக்ஸபோன்): அதே 'து-கு' எனக்கு வரவே மாட்டேன் என்கிறது.

பதில்: உங்களுக்கு ரீடு (அதிர்ந்து ஒலி தரும் பட்டை) வாய்க்குள்ளேயே இருக்கிறது, நாக்குக்கு இடம் குறைவு. கஷ்டப்பட வேண்டாம். இரண்டு சுரம் சேர்த்து, இரண்டு சுரம் நாக்கால் பிரித்து வாசியுங்கள். நாக்கின் நுனி மட்டும் ரீடின் நுனியைத் தொட வேண்டும். நாக்கை அதிகம் பின்வாங்காமல் பக்கத்திலேயே வைத்திருங்கள். புல்லாங்குழல்காரர் கேட்டால், நடை அப்படித்தான் என்று சொல்லிக்கொள்ளலாம்.