கடற்கரையில் நாயை அவிழ்த்துவிடத் தடை வந்தால்?

கேள்வி: சான்பிரான்சிஸ்கோவில் இருக்கிறோம். காலையில் ஃபோர்ட் ஃபன்ஸ்டன் கடற்கரையில் எங்கள் நாயைக் கயிறில்லாமல் ஓடவிடுவோம். இதற்குத் தடை வந்துவிடுமோ என்று நாய் வளர்க்கும் எல்லாருக்கும் பயம். வந்தால் சட்டப்படி தடுக்க முடியுமா? மீறினால் என்ன ஆகும்?

பதில்: தடுக்கலாம், ஆனால் ஓரளவுக்குத்தான்.

ஃபோர்ட் ஃபன்ஸ்டன், மத்திய அரசின் தேசியப் பூங்கா நிர்வாகத்தின் கீழ் வருகிறது. தேசியப் பூங்காக்களில் நாயை 6 அடிக்கு மேற்படாத கயிற்றில்தான் கூட்டிப்போக வேண்டும் என்பது பொது விதி. சொன்ன சொல் கேட்கும் நாயைச் சில இடங்களில் அவிழ்த்துவிடலாம் என்று 1979-ஆம் ஆண்டுக் கொள்கை உங்கள் பகுதிக்கு இடம் கொடுத்தது. 2001-இல் அது செல்லாது என்று சொல்லிப் பூங்கா நிர்வாகம் அபராதச் சீட்டு எழுதத் தொடங்கியது. அதே நிர்வாகத்தின் கீழுள்ள கிறிஸி ஃபீல்டில் சீட்டு வாங்கிய மூன்று பேர் வழக்காடினார்கள். 2005-இல் நீதிபதி வில்லியம் ஆல்சப் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்.

ஏன் ஜெயித்தார்கள் என்பதுதான் உங்களுக்கு முக்கியம். மக்கள் அந்த இடத்தைப் பயன்படுத்தும் விதத்தையே மாற்றுகிற அல்லது கடும் சர்ச்சைக்குரிய கட்டுப்பாட்டை, அவசர நிலை தவிர, முன்கூட்டி அறிவித்துக் கருத்துக் கேட்காமல் கொண்டுவரக் கூடாது. பூங்கா விதிகளே அப்படிச் சொல்கின்றன. சர்ச்சை உண்டு என்பதை ஊராரின் எதிர்ப்புதானே காட்டும்? அதனால் அதைப் பூங்கா நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். ஒரே கடிதத்தில் நூறு பேர் கையெழுத்துப் போடுவதைவிட, எத்தனை வருடமாக வருகிறீர்கள், எந்தப் பாதையில் நடக்கிறீர்கள் என்று ஒவ்வொருவரும் தனியே எழுதுவது நல்லது. பின்னால் வழக்கு வந்தால் நீதிமன்றம் புரட்டுவது இந்தக் கடிதங்கள் சேரும் கோப்பைத்தான். நாயை அவிழ்த்துவிடுவதைக் கட்டுப்படுத்த 2016-இல் வந்த கடுமையான வரைவு விதி 2017 அக்டோபரில் கைவிடப்பட்டது.

ஆனால் கருத்துக் கேட்டுவிட்டுத் தடை போட்டால் இந்த வாதம் நிற்காது. ஃபோர்ட் ஃபன்ஸ்டனிலேயே ஒரு பகுதியை மூடியதற்கு 2000-இல் இதே காரணத்தால் இடைக்காலத் தடை கிடைத்தது. நிர்வாகம் முறைப்படி அறிவிப்புக் கொடுத்துக் கருத்துக் கேட்டது, அப்புறம் மூடியேவிட்டது.

சான்பிரான்சிஸ்கோவின் ஓஷன் பீச் கடற்கரையில் ஸ்னோயி ப்ளோவர் என்ற பறவைக்கான பாதுகாப்புப் பகுதி பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே ஜூலை 1 முதல் மே 15 வரை கயிறு கட்டாயம். உப்புக்கொத்தி இனத்தைச் சேர்ந்த இந்தச் சிறு பறவை, அழியும் ஆபத்தில் இருப்பதாக 1993 முதல் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. குளிர்காலத்தில் மணலில் ஓய்வெடுக்கும் அதை நாய் விரட்டினால், சேர்த்த சக்தியெல்லாம் பறப்பதிலேயே போய்விடும். இந்த விதியை எதிர்த்து வழக்குப் போடச் சொல்ல மாட்டேன். தயவுசெய்து கயிற்றைப் போடுங்கள்.

எதிர்ப்பைக் காட்டுவதற்காக விதியை மீறவும் வேண்டாம். சீட்டு என்பது மத்திய அரசுச் சட்டப்படி சிறு குற்றம். பணம் கட்டி முடிக்கலாம், அல்லது மாஜிஸ்திரேட் நீதிபதி முன் வாதாடலாம். நீங்கள் விசாவில் இருந்தால் எதையும் கட்டுவதற்கு முன் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கிரீன் கார்டு விண்ணப்பத்தில் இதுபோன்ற சீட்டைப் பற்றியும் கேள்வி உண்டு. சீட்டின் நகலையும் வழக்கு முடிந்த தாளையும் பத்திரமாக வைத்திருங்கள்.