வீட்டின் மேல் கடன் வாங்கி விமானமா?

கேள்வி: டாலஸ் பக்கம் இருக்கிறேன், வயது 43. போன வருடம் பைலட் லைசென்ஸ் எடுத்தேன். மணிக்கு 165 டாலர், பெட்ரோலும் சேர்த்து, வாடகை விமானத்தில் வருடம் 60 மணி நேரம் பறக்கிறேன். இப்போது 1978 மாடல் செஸ்னா 172என் என்ற சின்ன விமானம் ஒன்று 95,000 டாலருக்கு வருகிறது. எஞ்சின் 2001-இல் ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துப் புதுப்பிப்பது) ஆகி 1,450 மணி நேரம் ஓடியிருக்கிறது. கையில் 25,000 உண்டு, மீதி 70,000-ஐ 8.5 சதவீத ஹீலாக்கில் (வீட்டை அடமானம் வைத்து வேண்டும்போது எடுக்கும் கடன்) எடுக்கலாம் என்று எண்ணம். அதில் ஏற்கெனவே 48,000 பாக்கி (கிச்சனுக்கு 18,000, மச்சானின் ரெஸ்டாரண்டுக்கு 30,000). ஃப்ளையிங் ஸ்கூலுக்கு லீஸ்பேக் விட்டால், அதாவது என் விமானத்தை அவர்கள் வாடகைக்கு ஓட்டி எனக்குப் பங்கு கொடுத்தால், கடனை விமானமே கட்டிவிடும் என்கிறார் மச்சான். மனைவி பயப்படுகிறார்.

பதில்: உங்கள் மனைவி பயப்படுவது சரிதான். விமானத்தைவிட எனக்குக் கவலை தருவது அந்த ஹீலாக். கிச்சன், ரெஸ்டாரண்ட், இப்போது விமானம் என்று இது மூன்றாவது முறை. எது வேண்டுமென்றாலும் வீட்டின் மேல் கை வைப்பது உங்களுக்குப் பழகிவிட்டது. இதையும் எடுத்தால் மொத்தம் 1,18,000, வட்டி மட்டும் வருடம் சுமார் 10,000 டாலர், அதுவும் ஏறி இறங்கும் வட்டி. விமானத்துக்காக எடுத்த பணத்தின் வட்டியை வீட்டுக்கடன் வட்டி என்று வரியில் கழிக்கவும் முடியாது.

தோராயமாகப் பார்ப்போம். புதுக்கடனின் வட்டி 5,950, ஹேங்கர் (விமானம் நிறுத்தும் கொட்டகை) மாதம் 450 என்றால் 5,400, இன்ஷூரன்ஸ் 1,800, ஆனுவல் இன்ஸ்பெக்ஷன் 3,000, சில்லறை ரிப்பேர் 2,500. பறந்தாலும் பறக்காவிட்டாலும் 18,650 போகும். அதற்கு மேல் மணிக்கு 8 கேலன் பெட்ரோல் 52 டாலர், எஞ்சினுக்கு ஒதுக்க வேண்டியது 20. உங்கள் 60 மணி நேரத்துக்கு ஏறக்குறைய 23,000 ஆகிறது, அசல் இதில் சேரவில்லை. இப்போது வாடகைக்குக் கொடுப்பது 9,900 தான். வருடம் 200 மணி நேரம் பறந்தால்தான் இரண்டும் சமமாகும், வேலையும் குடும்பமும் வைத்துக்கொண்டு அது நடக்குமா?

சரி, லீஸ்பேக். இதை இப்போது எல்லோரும் சம்பாதிக்கும் வழி மாதிரி பேசுகிறார்கள், எனக்கு எரிச்சல்தான் வருகிறது. இந்த மாடலில் வரும் லைகமிங் எஞ்சினுக்குக் கம்பெனி சொல்லும் ஓவர்ஹால் கெடு 2,000 மணி நேரம் அல்லது 12 வருடம். வருடக் கணக்கில் அது எப்போதோ தாண்டிவிட்டது. மணிக்கணக்கில் மிச்சம் 550, ஸ்கூலில் வருடம் 500 மணி நேரம் ஓட்டினால் பதின்மூன்று மாதத்தில் தீர்ந்துவிடும். அப்புறம் ஓவர்ஹாலுக்கு 40,000 வேண்டும், அதற்கும் ஹீலாக்தானே? ஸ்கூல் பயிற்சிக்கு ஓட்டினால் 100 மணி நேரத்துக்கு ஒரு இன்ஸ்பெக்ஷன் கட்டாயம், வாடகைக்கு விடும் விமானத்தின் இன்ஷூரன்ஸ் தொகையும் வேறு, பல மடங்கு வரும். மாணவர்கள் தடதடவென்று இறக்குவதில் டயரும் பிரேக்கும் தேய்வதெல்லாம் உங்கள் கணக்கில்தான். இதையெல்லாம் மச்சான் சொன்னாரா? அவரிடம் முதலில் அந்த 30,000-க்கு எழுத்தில் ஒரு தவணை கேளுங்கள். குடும்பத்தில் மனக்கசப்பு வரும்தான், ஆனால் மாதாமாதம் அவருக்காக 210 டாலருக்கு மேல் வட்டி கட்டுவது நீங்கள்.

பறக்கும் ஆசையை விடச் சொல்லவில்லை. உங்களைப் போன்ற மூன்று பைலட்டுகளோடு சேர்ந்து கால் பங்கு வாங்குங்கள். இதே விலை விமானம் என்றால் உங்கள் பங்கு சுமார் 24,000, கையிலிருப்பதே போதும். வட்டி இல்லாத நிலைச்செலவு 12,700-இல் கால்பாகமும் உங்கள் 60 மணி நேரச் செலவும் சேர்த்து வருடம் 7,500 பக்கம் வரும், நாலு பேர் இன்ஷூரன்ஸால் கொஞ்சம் கூடலாம். ஓவர்ஹால் வந்தால் யார் எவ்வளவு, ஒருவர் விலகினால் பங்கு என்ன விலை என்பதை வக்கீலிடம் எழுதி வாங்கிவிடுங்கள்.

இந்தக் குறிப்பிட்ட விமானம் மட்டும் வேண்டாம். 172என்-இல் வந்த எச்2ஏடி வகை எஞ்சின், ஓடாமல் நின்றால் உள்ளே வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் தேயும் என்று பெயரெடுத்தது. 2001-இலிருந்து 1,450 மணி நேரம்தான் என்றால் நிறைய நாள் சும்மா நின்றிருக்கிறது. வேறு எதைப் பார்த்தாலும் விற்பவருடைய மெக்கானிக்கைத் தவிர்த்து, உங்கள் செலவில் வேறொருவரை வைத்து லாக்புக்கை (பராமரிப்புப் பதிவேடு) முதல் பக்கத்திலிருந்து பார்க்கச் சொல்லுங்கள், அதன் மேல் பழைய கடன் பதிவு இருக்கிறதா என்று ஓக்லஹோமா சிட்டியிலுள்ள எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க அரசின் விமானத்துறை) பதிவகத்திலும் தேடிவிடுங்கள். அட்வான்ஸ் அதற்கப்புறம்.