சி-130ஜே விமானங்களின் உதிரிபாகங்களுக்கு மட்டும் 9 கோடி டாலரா? இது வீண் செலவு இல்லையா?

இந்திய விமானப் படையின் அமெரிக்கத் தயாரிப்புச் சரக்கு விமானமான சி-130ஜே-க்கு உதிரிபாகங்கள் விற்பது பற்றி 2020 அக்டோபரில் வந்த செய்தியைப் படித்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். புது விமானம் ஒன்றுகூட இல்லை, வெறும் சாமான்களுக்கா இவ்வளவு என்ற கோபம் கேள்வியில் தெரிகிறது. முதலில் ஒரு திருத்தம். அது இந்தியா கட்டிய பில் அல்ல. அமெரிக்க அரசு தன் நாடாளுமன்றத்துக்குத் தெரிவித்த உச்ச மதிப்பீடு.

நான் விமானப் படையின் ஸ்டோரில் இருபது ஆண்டுகள் வேலை பார்த்தவன். சி-130ஜே 2011-ல் வருவதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டேன். அதனால் அந்த விமானத்தைத் தொட்டவன்போலப் பேசமாட்டேன். என் காலம் சோவியத் தயாரிப்புச் சரக்கு விமானமான ஏ.என்-32-இன் காலம்.

1992. சோவியத் ஒன்றியம் உடைந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அதுவரை எதற்கும் மாஸ்கோவுக்கு எழுதினால் போதும். இப்போதோ விமானத்தைக் கட்டிய கீவ் ஆலை உக்ரைன் என்ற ஒரு நாட்டில், பாகங்கள் செய்த ஆலைகள் பல இன்னொரு நாட்டில். எங்கள் இன்டென்ட்டுகளுக்கு, அதாவது பாகம் கேட்டு அனுப்பும் கோரிக்கைகளுக்கு, பதிலே இல்லை. அந்த நேரத்தில் ஒரு விமானத்தில், எஞ்சின் தீயணைப்புக் குப்பியின் கார்ட்ரிட்ஜ் ஆயுள் முடிந்தது. சின்னஞ்சிறு பொருள். எஞ்சினில் தீப்பிடித்தால் அதிலுள்ள துளி வெடிமருந்துதான் குப்பியைத் திறந்து தீயின்மேல் பாய்ச்சும். அதற்கு இரண்டு கணக்கு உண்டு: தயாரித்த நாளிலிருந்து ஒன்று, பொருத்திய நாளிலிருந்து ஒன்று. எது முந்துகிறதோ அன்றோடு சரி.

என் அலமாரியில் நான்கு இருந்தன. நான்கும் காலாவதியாகி ஏழு வாரம். மூத்த அதிகாரி ஒருவர் நேரிலேயே வந்தார். "சீல் பிரிக்காத பொருள். ஏழு வாரத்தில் என்ன கெட்டுவிடும்? கொடு" என்றார். நான் வெறும் கார்ப்பரல். "ஆயுள் நீட்டிப்பு உத்தரவு எழுத்தில் வரட்டும் சார், கொடுக்கிறேன்" என்றேன். எல்லோர் முன்னிலையிலும் வாங்கிய வசவு இன்னும் காதில் இருக்கிறது. உத்தரவு வரவில்லை. பத்தொன்பது நாள் அந்த விமானம் தரையில் நின்றது. கடைசியில், பராமரிப்புக்காகப் பிரித்துப் போட்டிருந்த இன்னொரு விமானத்திலிருந்து முறைப்படி அனுமதி வாங்கிக் கழற்றி மாட்டினார்கள். ஒரே வேலையை இரண்டு முறை செய்து, பற்றாக்குறையை அடுத்த விமானத்தின் தலையில் கட்டுவதுதான் அது.

விதியைக் காட்டி வேலையைக் கெடுத்தவன் என்று எழுத வருபவர்கள் எழுதுங்கள். அந்த விமானத்தில் ஏறியவர்களுக்கு என்னைத் தெரியாது. நான் ஒட்டிய சீட்டை நம்பித்தான் ஏறினார்கள். ஓய்வுக்குப் பிறகு ஒரு தனியார் நிறுவனத்தில் நேர்காணலுக்குப் போனேன். "ஸ்டோரில் கணக்கு எழுதியதெல்லாம் அனுபவமா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். உறவினர்களும் அப்படித்தான். துப்பாக்கி பிடிக்காதவன் ராணுவத்தில் இருந்ததாகவே அவர்களுக்குக் கணக்கில்லை. இதற்கும் உங்கள் கேள்விக்கும் தொடர்பில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்த 2020 பட்டியலைப் பாருங்கள். தீயணைப்புக் கார்ட்ரிட்ஜ், வெப்பத்தைத் தேடி வரும் ஏவுகணையை ஏமாற்றும் ஃப்ளேர் கார்ட்ரிட்ஜ், உபரியாக ஒரு ரேடார் எச்சரிக்கைக் கருவி, 10 இரவுப் பார்வைக் கண்ணாடிகள். 2023 ஏப்ரலில் சூடானின் வாடி சயீத்னாவில் விளக்கில்லாத, சீர்கெட்ட ஓடுபாதையில் நள்ளிரவில் சி-130ஜே இறங்கி 121 பேரை ஏற்றி வந்ததே, அதைச் சாத்தியமாக்கியது விமானிகளின் திறமையும் அவர்கள் அணிந்திருந்த இத்தகைய கண்ணாடிகளும்தான்.

இங்கேயே செய்யக்கூடாதா என்பீர்கள். இந்த விமானத்தின் வால் பகுதி ஹைதராபாத்தில்தான் தயாராகிறது, எனக்கும் அதில் பெருமை. ஆனால் வாலைச் செய்யும் ஆலை வெடிமருந்துக் கார்ட்ரிட்ஜையோ ரேடார் எச்சரிக்கைக் கருவியையோ செய்துவிடாது. ஒவ்வொன்றுக்கும் தனிச் சோதனை, தனிச் சான்று, மூல நிறுவனத்தின் அனுமதி வேண்டும்.

தேவைப்படும்போது வாங்கிக்கொள்ளலாம் என்பவர்களுக்கு மறுபடியும் ஏ.என்-32-ஐத்தான் காட்டுவேன். 2009-ல் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்களை நவீனப்படுத்த உக்ரைனுடன் ஒப்பந்தம் போட்டார்கள். சுமார் 40 அங்கே போய்த் திரும்பின. மீதியைக் கான்பூரில் செய்ய வேண்டும். 2014-ல் உக்ரைனில் சண்டை வந்தது, பாகங்கள் வருவது தடைப்பட்டது. நான் வீட்டில் உட்கார்ந்து அந்தச் செய்தியைப் படித்தேன். அந்த வாரங்களில் ஏதோ ஒரு ஸ்டோரில் ஒரு கார்ப்பரல் காலி அலமாரிக்கு முன் நின்றிருப்பான். அவனிடம் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.